துண்டின் கனம்

புயல் போன மறுநாள் ஊரே விருந்து.
கரண்ட் இல்லை. உறைபெட்டிகளின் அடியில்
தண்ணீர் கசிந்து தரையெல்லாம் நடந்தது.
மான்கறி, கிளிமீன்,
ஞானஸ்நானத்துக்கென்று வாங்கி வைத்த பன்றித்தொடை,
எல்லாம் ஒரே நாளில் அடுப்பேறின.
தெருவில் நின்று ஆளைப் பிடித்து இழுத்து
சாப்பிட்டுப் போ என்றார்கள்.
மூன்றாம் நாள் மிச்சத்தைக் குழி வெட்டிப் புதைத்தோம்.
குழியை விட்டு நாய்கள் நகரவேயில்லை.

நான்காம் நாள்
மேல்தட்டிலிருந்து டப்பாக்கள் இறங்கின.

நான் கம்பம் ஏறுகிறவன்.
குவாமின் தெற்கில், இனலாஹான் பக்கத்துச் சாலைகள்
என் பொறுப்பில்.
முறிந்ததை நட்டு, அறுந்ததை இழுத்துக் கட்டி
கீழே இறங்கினால்
அந்த வீட்டுக்காரர் ஒரு தட்டோடு நிற்பார்.
சோறு. சோற்றின் மேல் பொரித்த ஒரு துண்டு.
எலுமிச்சையும் மிளகாயும் சோயாவில் ஊறிய
ஃபினாதெனே ஒரு கரண்டி.

அதைப் பற்றி இளக்காரமாய்ப் பேசுகிறவர்கள்
இருபது நாள் இருட்டில் இருந்து பார்க்கவில்லை.
வளையத்தில் விரல் மாட்டி இழு,
சின்னதாய் ஒரு மூச்சு விடும்.
உள்ளே இளஞ்சிவப்பாக,
வெளியே என்ன நடந்ததென்றே தெரியாத முகம்.
ஐஸ் கேட்காது. எண்ணெய் கேட்காது.
தன் கொழுப்பிலேயே தான் வதங்கி
ஓரம் முறுகி வரும்.
அடுப்பில்லாவிட்டால் அப்படியே தின்னலாம்,
தின்றிருக்கிறேன்,
மழையில், லாரியின் அடியில் குந்தி,
மூடியையே கரண்டியாக மடித்து.

ஐந்தாம் நாள் துண்டு விரல் கனம்.
பன்னிரண்டாம் நாள் பென்சில் கனம்.
இருபத்தைந்தில் செருப்பின் வார்.
ஒரு வீட்டில் இன்னும் எத்தனை டப்பா மிச்சம் என்று
கேட்காமலே தெரிந்துகொண்டேன்.
எவரும் தட்டை வெறுமையாய் நீட்டவில்லை.

கிளினிக்கில் பெர்ப்பெத்துவா
என் கையில் பட்டையைச் சுற்றி
எண்ணைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.
அதைக் கெடாமல் வைத்த உப்பு
உன்னை வைக்காது, என்றாள்.
உண்மைதான்.
ஆனால் நாற்பது வீடு, நாற்பது தட்டு,
எந்தத் தட்டிடம் போய் என் ரத்தக்கொதிப்பைச் சொல்ல?

முப்பத்து மூன்றாம் நாள், சாலை முடிகிற இடம்.
பெனிஞோ கினாத்தாவின் வீடு.
மீட்டரில் திருட்டுக் கணக்கு எழுதினேன் என்று
முன்பொரு முறை என்மேல் புகார் கொடுத்தவர்.
அவர் முறை வர இன்னும் மூன்று நாள்.
மரம் விழுந்த கணக்கெடுக்க மட்டுமே போயிருந்தேன்.
உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை.
தட்டோடு வந்தபோது
என்னைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்து நின்றார்.

துண்டை மடித்து வைத்திருந்தார்,
இரண்டாகத் தெரியட்டும் என்று.
விரித்தால்
அடியிலிருந்த சோற்றுப் பருக்கையை
ஒவ்வொன்றாய் எண்ணியிருக்கலாம்.

விரிக்கவில்லை.
மடித்தபடியே வாயில் போட்டேன்.
மெதுவாக மென்றேன், கனமானதை மெல்வதுபோல.

பிறகு லாரியிலிருந்து கம்பியை எடுத்தேன்.
அன்று வெள்ளிக்கிழமை.
பட்டியலில் அவருக்குத் திங்கட்கிழமை.
மேலதிகாரி கேட்டால்
லஞ்சம் வாங்கினேன் என்றே எழுதிக்கொள்ளட்டும்:
ஒரு துண்டு. மடித்தது.
பொழுது சாயும்போது அவர் சமையலறையில்
ஒரு பல்பு மஞ்சளாய்த் துடித்து நின்றது.
அவர் நன்றி சொல்லவில்லை.
புகாரையும் திரும்பப் பெறவில்லை.

இப்போது கரண்ட் இருக்கிறது. கடையில் கோழி இருக்கிறது.
இருந்தும் ஞாயிறு காலையில்
எங்கிராசியா ஒரு டப்பாவைத் திறப்பாள்,
முட்டையோடு பொரிப்பாள், தாராளமாய் வெட்டி.
தின்னாமல் தட்டைத் தூக்கி
பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
என்ன பார்க்கிறாய், என்றாள்.
தேதி, என்றேன்.
டப்பாவில்தானே தேதி இருக்கும்,
துண்டில் ஏது, என்று சிரித்து
இன்னொன்றை வைத்தாள்.